எனக்கு வேலை செய்யுதேடா!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ற எல்லா டீமிலும் இந்த வரி ஒரு தடவையாவது வந்திருக்கும்: "எனக்கு வேலை செய்யுதேடா!" நீங்க சொல்லியிருப்பீங்க, இல்லைன்னா யாரோ சொல்லக் கேட்டு கடுப்பாகியிருப்பீங்க. நான் கடுப்பான கதை இது. கடுப்பாகி ஒரு நண்பனைப் பேசக்கூடாததெல்லாம் பேசின கதையும்கூட.

எங்க ப்ராஜெக்ட் முழுக்க டாக்கர் கன்டெய்னர்களில் ஓடுது. இமேஜ்களை டாக்கர் ஹப்பிலேயே வச்சிருக்கலாம். ஆனா 2020 நவம்பரில் அவங்க ஒரு வரம்பு கொண்டு வந்தாங்க: லாகின் பண்ணாம இழுத்தா, ஒரு ஐபி முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100 முறைதான். எங்க லேப் மொத்தமும் வெளியே ஒரே ஐபியாகத்தான் தெரியும். பக்கத்து டீம்கள் வரிசையா பில்ட் போட்டா நமக்குக் கதவு மூடிடும். அதனால எங்க டீமில் ஒருத்தன், லேப் மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பைக் கேட்டு வாங்கி, ரெண்டு நாள் உட்கார்ந்து எங்களுக்குன்னே ஒரு ரெஜிஸ்ட்ரி போட்டுக் கொடுத்தான். முன்னால என்ஜின்எக்ஸ், அதுக்குப் பின்னால 5000 போர்ட்டில் ரெஜிஸ்ட்ரி. நாங்க யாரும் ஒரு தேங்க்ஸ்கூட சொல்லல.

ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. என் இமேஜை புஷ் பண்றேன். "டினைட்: ரிக்வெஸ்டட் ஆக்சஸ் டு த ரிசோர்ஸ் இஸ் டினைட்"னு வருது. உடனே குரூப்பில் போட்டேன்: "சர்வர்ல பாஸ்வேர்டே ஒழுங்கா செட் பண்ணல போல." உண்மையில் என் புஷ் எங்க சர்வர் பக்கமே போகல. இமேஜ் பெயருக்கு முன்னால் ரெஜிஸ்ட்ரியின் முகவரி இல்லைன்னா, டாக்கர் அதை டாக்கர் ஹப்புக்குத்தான் கொண்டுபோகும். டேக் பண்ணும்போது முகவரியைச் சேர்க்காதது நான்.

சரின்னு மறுபடி டேக் பண்ணி அனுப்பினா, "எக்ஸ்509: சர்டிஃபிகேட் சைன்டு பை அன்னோன் அத்தாரிட்டி". அவன் சொந்தமா உருவாக்கின சர்டிஃபிகேட் அது. அதை என் லேப்டாப் நம்பணும்னா, அவன் கொடுத்த சிஏ ஃபைலை டாக்கரின் செர்ட்ஸ் டி ஃபோல்டருக்குள், ரெஜிஸ்ட்ரி பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு வைக்கணும். அந்த ஃபைலை ஒரு வாரம் முன்னாடியே குரூப்பில் அனுப்பியிருந்தான். நான் திறந்துகூடப் பார்க்கல. (நெட்டில் தேடினா, 'இன்செக்யூர் ரெஜிஸ்ட்ரீஸ்'ல சேர்த்துடுங்கன்னு சொல்வாங்க. எர்ரர் போயிடும். எதிரில் இருப்பது நம்ம சர்வர்தானாங்கிற சரிபார்ப்பும் சேர்ந்து போயிடும்.)

மூணாவது தடவை புஷ் ஓட ஆரம்பிச்சது. சின்ன லேயர்கள் எல்லாம் 'புஷ்டு'. பெரிய லேயர் மட்டும் கொஞ்ச தூரம் ஓடி விழுது. 413ன்னு ஒரு எண், கூடவே "இன்வேலிட் கேரக்டர்"னு ஏதோ. மணி ஒண்ணு. "உன் சர்வர் வேஸ்ட் மச்சி. நாளைக்கு ரிவ்யூல நீயே பதில் சொல்லிக்கோ"ன்னு எல்லாரும் பார்க்க குரூப்பில் போட்டேன். அவன் எழுதினது ஒரே வரி: "எனக்கு வேலை செய்யுதேடா." அதுக்கப்புறம் பதிலே இல்லை.

கொஞ்ச நேரம் கழிச்சு மனசு கேட்காம அவன் ரூமுக்குப் போனேன். தூங்கல. 'ஹலோ வேர்ல்டு' இமேஜைத் திரும்பத் திரும்ப புஷ் பண்ணிப் பார்த்துக்கிட்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் அழகா ஏறுது. "எங்கடா தப்பு, எனக்குப் புரியலையே"ன்னு கேட்டான். கோபமா கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்தது.

அப்போதான் அந்த எர்ரரை ரெண்டு பேரும் சேர்ந்து முழுசா படிச்சோம். ரெஜிஸ்ட்ரி ஒரு பிழையைச் சொன்னா ஜேசன் வடிவத்தில் சொல்லும். இங்க வந்திருந்தது ஹெச்டிஎம்எல் பக்கம். டாக்கர் ஜேசனை எதிர்பார்த்து, முதல் எழுத்திலேயே கோண அடைப்பைப் பார்த்துக் குழம்பியிருக்கு. அப்படின்னா பதில் சொன்னது ரெஜிஸ்ட்ரி இல்ல, முன்னால நிற்கிற என்ஜின்எக்ஸ். அதோட எர்ரர் லாகைத் திறந்தோம். அனுப்ப வந்த பொருள் அளவுக்கு மீறிப் பெருசுன்னு தெளிவா எழுதியிருந்தது. ரெஜிஸ்ட்ரி லாகில் அந்த லேயரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்'னு என்ஜின்எக்ஸில் ஒரு செட்டிங் இருக்கு. நாம எதுவும் எழுதலைன்னா அது 1 எம்பி. ஹலோ வேர்ல்டு இமேஜ் சில கேபிதான், சுலபமா நுழைஞ்சிடும். என் இமேஜில் பைத்தான் லைப்ரரி லேயர் மட்டுமே நூத்துக்கணக்கான எம்பி. அவனுக்கு வேலை செஞ்சதும் உண்மை, எனக்கு வேலை செய்யாததும் உண்மை. அந்த மதிப்பை 0ன்னு மாற்றினா அளவுச் சோதனையே கிடையாது. ஒரு வரி மாற்றி, என்ஜின்எக்ஸை ரீலோடு பண்ணி, புஷ் போட்டோம். ஏறிடுச்சு.

உங்களுக்கும் ஒருநாள் இது வரும். அப்போ எங்கே நின்னதுன்னு வரிசையா பாருங்க: இமேஜ் பெயரில் முகவரி இருக்கா? சர்டிஃபிகேட்டை உங்க மெஷின் நம்புதா? லாகின் ஆச்சா? பதில் சொல்றது என்ஜின்எக்ஸா, ரெஜிஸ்ட்ரியா? கடைசியா, சர்வரில் டிஸ்க் இடம் இருக்கா? பழைய டேக்கை அழிச்சா மட்டும் இடம் திரும்பி வராது, கார்பேஜ் கலெக்‌ஷன் தனியா ஓட்டணும்.

மூணு எர்ரரில் ரெண்டு என்னுடையது. மூணாவது, அவனும் நானும் ஒரு நிமிஷம் பேசியிருந்தா புரிஞ்சிருக்கும். "எந்த இமேஜை வச்சு டெஸ்ட் பண்ணின?"னு ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்காம நான் தீர்ப்பு எழுதிக்கிட்டிருந்தேன்.

அன்னைக்கு ரூமிலேயே சாரி சொன்னேன். "விடுடா"ன்னான். ஆனா திட்டினது குரூப்பில் இல்லையா? காலையில ரிவ்யூவுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, நடந்ததை முழுசா குரூப்பில் எழுதினேன். கடைசியில், ரெண்டு வாரம் தாமதமா, அந்த தேங்க்ஸையும்.