உண்ணத் தகாத காளான்

நீலகிரி மலையில், மழை நனைத்த பைன் மரங்களின் அடியில், செந்நிறத் தொப்பியில் வெண்புள்ளிகள் தெளித்தாற்போல் ஒரு காளான் முளைப்பதுண்டு. அமனிட்டா மஸ்காரியா என்பது அதன் அறிவியற் பெயர். மேலைநாட்டுக் குழந்தைக் கதைப் புத்தகங்களில் நாம் கண்டு மகிழ்ந்த காளான் இதுவே. சைபீரியா, ஸ்காண்டிநேவியா முதலிய வடதிசைக் குளிர்நாடுகளின் பிர்ச், பைன் காடுகளில் இது மிகுதி. அயல்நாட்டு மரங்களின் வேரைப் பற்றியே இது நம் மலைக்கு வந்திருக்க வேண்டும்.

இது நச்சுக் காளான். உண்டவருக்கு வாந்தியும் மயக்கமும் சித்தக் கலக்கமும் உண்டாகும். ஆனால் மண்ணுக்கடியில் இதன் வாழ்வு வேறு. மெல்லிய நூலிழைகளாய்ப் பரவி, மரத்தின் வேர்நுனிகளைப் போர்த்து, நீரையும் மணிச்சத்தையும் மரத்திற்கு ஊட்டுகிறது. மரம் தான் சமைத்த சர்க்கரையில் இதற்குப் பங்கு தருகிறது. பைன் இல்லாத நாடுகளில் அதை நட முயன்றோர் பலவிடங்களில் தோற்றனர். இத்தகைய பூஞ்சை கலந்த மண்ணைச் சேர்த்த பிறகே நாற்றுகள் தழைத்தன. நமக்கு நஞ்சானது மரத்திற்குச் செவிலித்தாய்!

எங்கள் கொங்குச் சீமையில், இடிமழைக்குப் பின் கறையான் புற்றோரம் காளான் பூக்கும். கறையான்கள் தம் கூட்டுக்குள் பேணி வளர்க்கும் பூஞ்சையின் வெளிப்பாடே அது. வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு என்பார்கள். அந்தச் சோதனையை நம்பி உயிரிழந்தோர் உண்டு. என் அம்மிச்சி எந்தச் சோதனையும் செய்ததில்லை. தாம் நன்கறிந்ததை மட்டுமே பறிப்பார். "தெரியாததைத் தொடாதே கண்ணு, ஆனா காலால எத்தவும் எத்தாதே" என்பார். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட பால் காளான் இன்று சந்தையில் தாராளமாய்க் கிடைக்கிறது. ஆகவே அவரது முதல் அறிவுரைக்கு வேலை குறைந்துவிட்டது. இரண்டாவதற்கோ கூடியிருக்கிறது.

களையையும் கோதுமையையும் அறுவடைவரை வளரவிடச் சொன்ன ஆண்டவரின் உவமையை ஆண்டுதோறும் கேட்கிறோம். ஆயினும் நம் அன்பியத்தில் கடுஞ்சொல் பேசுபவரை, குடிப்பழக்கத்தில் வீழ்ந்தவரை, பூசைக்கு வராதவரை எத்தனை விரைவில் ஒதுக்கிவிடுகிறோம்! அவருடைய தீமையை உண்ண வேண்டியதில்லை, எச்சரிக்கை நல்லதே. ஆனால் அந்த மனிதரின் உழைப்பில், ஒருவேளை மறைவான செபத்தில், எந்த வேர் தழைக்கிறதென்று நாம் தோண்டிப் பார்த்ததில்லை. பார்க்கின்றவர் ஒருவர் இருக்கிறார். அவர் இன்னும் பிடுங்கச் சொல்லவில்லை.