16-னா முடிவிலி பாஸ்!

நெட்வொர்க்ஸ் லேப்ல ‘ரிப்’னு ஒண்ணு வரும். பேரைக் கேட்டதும் அஞ்சலி போஸ்டர் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை. ரவுட்டிங் இன்ஃபர்மேஷன் புரோட்டோகால்தான் முழுப்பேரு. 1988-லயே விதிமுறையா எழுதி வெச்ச பழைய ஆளு!

நான் ராணிப்பேட்டைக்காரி இல்லையா... பாக்கெட் ட்ரேசர்ல மூணு ரவுட்டரை வரிசையா போட்டு ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர்னு பேர் வெச்சேன். பெங்களூரு ஹைவேஸ்ல வர்ற அதே வரிசை. கான்ஃபிகர் பண்றது ஜுஜுபி. ‘ரவுட்டர் ரிப்’, ‘வெர்ஷன் 2’, ‘நோ ஆட்டோ-சம்மரி’, அப்புறம் அந்தந்த ரவுட்டர்ல நேரடியா மாட்டியிருக்கிற நெட்வொர்க்குகளைச் சொல்லணும். அவ்ளோதான். ‘ஷோ ஐபி ரவுட்’ அடிச்சா, நேரடி இணைப்புக்கு முன்னாடி ‘சி’னு இருக்கும். பக்கத்து ரவுட்டர் சொல்லித் தெரிஞ்சதுக்கு ‘ஆர்’.

ரிப்கிட்ட மேப் கிடையாது. 30 செகண்டுக்கு ஒருமுறை பக்கத்து ரவுட்டர்கிட்ட தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லும். ஆம்பூரை ராணிப்பேட்டை பார்த்ததே இல்லை. ‘வேலூர் வழியா ரெண்டு ஹாப்’னு மட்டும் எழுதி வெச்சுக்கும்.

இப்போ வேலூர்-ஆம்பூர் லைன் கட்டுனு வைங்க. வேலூர் வாயைத் திறக்கறதுக்குள்ள, ‘ஆம்பூருக்கு எனக்கு வழி தெரியும், ரெண்டு ஹாப்’னு ராணிப்பேட்டை சொல்லிடும். அதை நம்பி வேலூர் 3-னு எழுதும். அதைக் கேட்டு ராணிப்பேட்டை 4. இப்படியே ஏறி 16 வந்தாதான் ‘வழியே இல்லை’னு புரியும். ரிப்புக்கு 16-னா முடிவிலி.

இதை எங்க தெருவுலயே பார்த்திருக்கேன். அம்மாவுக்கு ஒரு ஷூ கம்பெனியில தையல் வேலை. ‘இந்த வாரம் ஓவர்டைம் இல்லை’னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அடுத்த தெருவுல அது ‘ஆர்டரே இல்லையாம்’ ஆச்சு. அதுக்கடுத்த தெருவுல ‘ஆளைக் குறைக்கிறாங்களாம்’. ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுல அம்மாகிட்டயே வந்து, ‘உங்க கம்பெனியை மூடுறாங்களாமே?’

‘இத்தனை பேரு சொல்றாங்களே, பொய்யாவா இருக்கும்?’னு அம்மா ராத்திரி தூங்கலை. அங்கேயே வேலை பார்க்கிற ஒரு அக்கா, பொண்ணோட செமஸ்டர் ஃபீஸையே நிறுத்தி வெச்சுட்டாங்க. ஆனா, அத்தனை பேரும் சொன்னது அம்மா சொன்ன ஒரே விஷயத்தைத்தான்!

திங்கட்கிழமை அம்மா நேரா சூப்பர்வைசரையே கேட்டாங்க. ‘மூடுறதா? சோல் லோடு லேட்டும்மா, அடுத்த வாரம் ஓவர்டைம் இருக்கு’னார். அக்கா கடைசி நாள்ல ஃபைனோட ஃபீஸ் கட்டினாங்க.

ரவுட்டர்ல இதுக்கு மருந்து ‘ஸ்ப்ளிட் ஹொரைஸன்’. யார்கிட்ட ஒரு வழியைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டியோ, அவங்ககிட்டயே அதைத் திருப்பிச் சொல்லாதே. சிஸ்கோ ரவுட்டர் இன்னொரு கணக்கும் வெச்சிருக்கு. நேரடி இணைப்புக்கு 0, ரிப் சொன்னதுக்கு 120. நம்பர் குறைய குறைய நம்பிக்கை ஜாஸ்தி.

‘இந்த வருஷம் கேம்பஸுக்கு எந்த கம்பெனியும் வராதாம்’னு யாராவது கிளப்பினா, பதறாம ஒண்ணே ஒண்ணு கேளுங்க... ‘மச்சி, இது சி-யா, ஆர்-ஆ?’