பங்குனி ஆமை

கடலைப் பற்றி நான் பத்துக் கதைகளுக்குக் குறையாமல் எழுதியிருக்கிறேன். அவற்றில் அலைகள் வந்து காதலர்களின் காலை நனைத்திருக்கின்றன, நிலவு எழுந்திருக்கிறது, விரக்தியுற்ற கதாநாயகன் பிடி பிடியாக மணலை அள்ளிக் கொட்டியிருக்கிறான். ஆனால் அந்தப் பத்துக் கதைகளில் ஒன்றிலாவது ஒரு நண்டு கிடையாது. இதை நான் கண்டுபிடித்தது, திருவான்மியூருக்குக் குடிவந்து, தினம் விடியற்காலையில் கடலோரமாகக் கொட்டிவாக்கம் வரையில் நடக்க ஆரம்பித்த பிறகுதான்.

இருட்டுப் பிரியும் நேரத்தில் மணல் முழுவதும் நண்டுகளின் ராஜ்யம். மணலின் நிறத்திலேயே உடம்பு. காம்பின் மேல் நிற்கும் கண்கள். வளைக்குள்ளிருந்து ஓர் அணைப்பு மணலைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் வெளியே வரும். அதை விசிறி எறியும். நின்று நம்மைப் பார்க்கும். நாம் ஓர் அடி எடுத்து வைத்தால் மாயமாகிவிடும். வாடகை வீட்டில் காலம் தள்ளும் எனக்கு இந்த ஜந்துவிடம் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அடும்பங் கொடியும் அப்படித்தான். சங்கப் பாட்டுகளில் அதைப் படித்துப் பரீட்சையில் மார்க்கும் வாங்கியவன் நான். ஊதாப் பூவோடு அது என் காலில் சிக்கியபோது, "இது என்ன கொடி?" என்று வழியில் போன ஒரு சிறுவனைக் கேட்டேன்.

கரையில் ஏற்றிப் போட்ட ஃபைபர் படகின் பக்கத்தில் ஒரு பெரியவர் வலையின் கிழிசல்களைச் சரிசெய்துகொண்டிருப்பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் அபூர்வ மனிதர். செம்பருந்து தலைக்கு மேல் வட்டமிட்டால் அவர் அண்ணாந்து பார்ப்பதில்லை. வலையிலிருந்து உதறிய பொடிமீனுக்காக அது வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆலாக்கள் கூட்டமாக ஓரிடத்தில் கடலுக்குள் தலைகீழாகப் பாய்ந்தால் மட்டும் நிமிர்வார். அங்கே மீன் இருக்கிறது என்று அர்த்தம். பறவைகளைப் பார்ப்பதற்கு அவருக்கு இருக்கும் காரணம் எனக்கு இல்லையே என்று அப்போதெல்லாம் தோன்றும்.

அவரிடம்தான் நான் முதன்முதலாக அவமானப்பட்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு தீபாவளி மலரில் என் கதை ஒன்று பிரசுரமாயிற்று. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண் நள்ளிரவில் கடற்கரைக்கு வருகிறாள். அங்கே ஓர் ஆமை முட்டையிட்டுக்கொண்டே கண்ணீர் விடுகிறது. இவளும் அழுகிறாள். கதை முடிகிறது. வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களை இன்னும் கட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பெருமையில் ஒரு நாள் பெரியவரைக் கேட்டேன்: "ஆமை அழுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"அது கண்ணுல எப்பவும் தண்ணி வரும் சார்," என்றார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "கடல் தண்ணியக் குடிக்குது இல்ல?"

பிற்பாடு புஸ்தகங்களைப் புரட்டினேன். அவர் சொன்னதேதான். உடம்பில் சேரும் உப்பை வெளியேற்ற ஆமைக்குக் கண்ணருகே ஒரு சுரப்பி இருக்கிறது. கடலுக்குள்ளும் அந்த நீர் வடிந்துகொண்டேதான் இருக்கும். கரைக்கு வரும்போது நம் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். அந்த ஆமையை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் கரையோரத்து மீனவர்கள் அதைப் பங்குனி ஆமை என்பார்கள். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரையில் முட்டையிட ஏறும்.

2023-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஓர் இரவு தூக்கம் வரவில்லை. நாவலின் பதினேழாவது அத்தியாயம் நகர மறுத்தது. இரண்டரை மணி இருக்கும்; சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அலை விளிம்பில் ஒரு கருங்கல் கிடந்தது. நேற்று இல்லாத கல்லாயிற்றே என்று நின்றேன். கல் அசைந்தது.

இரண்டடிக்குச் சற்று அதிகமான ஓடு. முன் துடுப்புகளை ஊன்றி உடம்பை ஓர் இழுப்பு இழுக்கும், நிற்கும், மூச்சு விடும். மாடிப்படி ஏறி வந்த பாட்டி, கடைசிப் படியில் உட்கார்ந்து விடுகிற மூச்சு அது. கடலில் அத்தனை லாவகமாக நீந்தும் பிராணிக்குத் தரையில் ஒவ்வோர் அங்குலமும் சுமைதான். பத்துப் பன்னிரண்டு கெஜ தூரம் அப்படி ஏறி வந்தது. நான் அசையாமல் நின்றேன்.

அப்படியே நின்றிருக்கலாம். ஆனால் எனக்கு அதன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன? அந்தக் கண்ணீரைப் பார்க்க வேண்டியிருந்தது. சுரப்பி என்று தெரிந்த பிறகும், என் கதை பொய்யில்லை என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. கைப்பேசியின் விளக்கைப் போட்டேன்.

ஆமை நின்றது. பிறகு மெல்ல அரைவட்டம் போட்டுத் திரும்பி, ஏறி வந்த அதே பிரயாசையோடு கடலை நோக்கி இறங்க ஆரம்பித்தது. விளக்கை அணைத்தேன். பிரயோஜனமில்லை. ஓர் அலை வந்து மூடியது. அடுத்த அலை போனபோது அங்கே ஒன்றுமில்லை.

படகைத் தள்ளுவதற்காகப் பெரியவர் வந்து என் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது.

"விளக்கு காட்டினியா சார்?"

நான் பேசவில்லை.

"வயித்துல முட்டையோட போவுது. வேற எங்கனா ஏறும்."

திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வெளிச்சம் வந்ததும் மறுபடி போய்ப் பார்த்தேன். டிராக்டர் சக்கரத்தின் தடம் போல் மேலே ஏறி, குழியொன்றும் இல்லாமல் வளைந்து, கீழே இறங்கியிருந்தது. உலாவ வந்த ஒருவர், அது படகை இழுத்த தடம் என்று தம் பேரனுக்கு விளக்கிக்கொண்டு போனார். நான் திருத்தவில்லை. வேறு எங்கே ஏறியிருக்கும் என்று அடுத்த பத்து நாள் நீலாங்கரை வரையில் தேடி நடந்தேன். என் மனைவி, உடம்பின் மீது எனக்கு அக்கறை வந்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டாள்.

சென்னையில் 1988-லிருந்து மாணவர்களின் அமைப்பு ஒன்று இந்த ஆமைகளுக்காக இரவுகளில் கடற்கரையில் நடந்து வருகிறது. மறு வருஷம் அவர்களோடு போனேன். விளக்கு கூடாது, பேச்சு கூடாது என்று என் பையன் வயதுள்ள ஒருவன் முதலிலேயே சொல்லிவிட்டான். தடத்தைக் கண்டால் ஒரு குச்சியால் மணலைப் பதமாகக் குத்திப் பார்ப்பார்கள். கூடு இருக்கும் இடத்தில் மணல் இளகிக் கொடுக்கும். பிங்பாங் பந்தைப் போன்ற நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். நாய்களிடமிருந்தும் மனிதர்களிடமிருந்தும் தப்ப, வேலி போட்ட இடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்ப் புதைப்பார்கள். நாற்பத்தைந்து நாளிலிருந்து அறுபது நாளுக்குள் குஞ்சு பொரியும். மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். வெளியே வந்த குஞ்சு வெளிச்சமான பக்கம் ஓடும். மனிதர்கள் விளக்குப் போடாத காலத்தில் வெளிச்சமான பக்கம் கடலாக இருந்தது. இப்போது சாலை. பையன் இதைச் சொன்னபோது சட்டைப்பையில் இருந்த கைப்பேசி எனக்குக் கனத்தது.

ஓர் ஆமை முட்டையிட்டது. நாங்கள் அதன் பின்னால் சற்றுத் தள்ளி இருட்டில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் போல இருக்கும். பின் துடுப்புகளால் மணலைத் தள்ளிக் குழியை மூடியது. பிறகு உடம்பையே தூக்கித் தூக்கிப் போட்டு மணலை அழுத்தியது. தொப் தொப் என்று அந்தச் சத்தம் கேட்டது. விசிறிய மணல் என் வேஷ்டியில் விழுந்தது. முகத்தை நான் பார்க்கவில்லை.

2025-ஆம் வருஷம் ஜனவரியில் ஆமைகள் வேறு விதமாகக் கரைக்கு வந்தன. ஒரே காலையில் என் வழியில் ஏழு கிடந்தன. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கி. அந்த மாதத்தில் சென்னையிலும் அக்கம்பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கு மேல் ஒதுங்கியதாகப் பத்திரிகைகள் எழுதின. ஆமை மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். இழுவை வலை மணிக்கணக்கில் அடியில் இழுபடும். சிக்கியது தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். கரையோரக் கடலில் இழுவைப் படகுகளைக் கட்டுப்படுத்த 1983-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு உள்ள முதல் அட்டவணைப் பாதுகாப்பு ஆமைக்கும் உண்டு. மீன்பிடித் தடைக் காலமோ ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. அதற்குள் பங்குனி முடிந்துவிடும்.

அன்று வீட்டில் இறால் தொக்கு. "ஏன், பிடிக்கவில்லையா?" என்று மனைவி கேட்டாள். இறால் எந்த வலையில் வருகிறது என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது. இருந்தாலும் சாப்பிட்டேன். மறுநாள் பெரியவரிடம் இதைச் சொன்னேன்.

"நீ துன்னாட்டி மட்டும் அது பொழைச்சுக்குமா சார்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என் வலையிலயும் மாட்டும். உசுரா இருந்தா அறுத்து விட்டுருவேன். வலை போச்சுன்னா நாலு நாள் இப்படி உக்காரணும்," என்று கிழிசலைத் தூக்கிக் காட்டினார். ஒரு பிள்ளையைப் போட்டுத் தூக்கலாம் போல அத்தனை பெரிய கிழிசல்.

போன மாதம் என் பழைய கதைகளை மறுபதிப்புச் செய்வதாகச் சொல்லிப் பதிப்பாளர் புரூப் அனுப்பியிருந்தார். ஆமைக் கதையில் கண்ணீர் வரும் வாக்கியத்தை அடித்தேன். அந்த இடத்தில் என்ன போடுவது என்று மூன்று நாள் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. இடைவெளி விட்டே திருப்பி அனுப்பிவிட்டேன். அச்சில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது போலிருக்கிறதே, என்ன வரி அது என்று கேட்டு, அச்சகத்திலிருந்து இன்று காலை ஆள் வந்திருந்தது.