இனம் என்றொரு கட்டம்

மகளைப் பாடசாலையில் சேர்க்க அவளுடைய பிறப்புச் சான்றிதழை எடுத்தேன். தந்தையின் இனம்: இந்தியத் தமிழர்.

நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. என் அம்மாயி ருவான்வெல்லைத் தோட்டமொன்றில் றப்பர் பால் வெட்டியவர். விரலிடுக்கில் காய்ந்த பாலை உரித்தபடியேதான் கதைப்பார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவரையும் நாடற்றவராக்கியது.

2012 கணக்கெடுப்பில் நாங்கள் 4.1 சதவீதம். 2024இல் 2.8. எங்கள் ஆட்கள் பலர் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொள்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பழைய சொல் அவ்வளவு வலித்திருக்கிறது.

பிறப்புச் சான்றிதழில் பால் என்ற கட்டத்தை, 2016 முதல் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றவர்கள் திருத்திக்கொள்ளலாம். நல்ல விஷயம். தான் யாரென்று ஒருவர் சொல்வதை அங்கே அரசு காதுகொடுத்துக் கேட்கிறது. பாட்டன் வந்த கப்பலை வைத்து எங்களுக்குப் பேர் வைத்தவர்கள் எங்களிடமும் கேட்டிருக்கலாம்.

பாடசாலை விண்ணப்பத்தில் ‘மலையகத் தமிழர்’ என்று எழுதினேன். கட்டம் போதவில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதி முடித்தேன்.