கண்டிச்சீமைக்குப் போனவர்

அப்பா பிறந்தது இலங்கையில், அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். தாத்தாவும் அங்கே ஒரு லயத்தில்தான் பிறந்தார். அதற்கு மேல் கேட்டால், கூடலூரில் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயின் குடியிருப்பில் பெரியவர்கள் எல்லோரும் "திருச்சிப் பக்கம்" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க எனக்கு உதவியது, தள்ளுபடியான ஒரு விண்ணப்பம்.

1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின்படி, தாத்தா தன் தகப்பனார் அங்கே பிறந்ததை நிரூபித்திருந்தால் போதும். பூட்டன் பிறந்ததும் அதே மலையில்தான். ஆனால் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் பதிவு வைத்தார்கள்? அடுத்த ஆண்டு வந்த சட்டம் இன்னொரு வழி காட்டியது: மணமானவர்கள் 1946க்கு முந்தைய ஏழு ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்திருக்க வேண்டும். அதன்கீழ் தாத்தா மனுப் போட்டார். நகலை அப்பா தகரப் பெட்டியில் வைத்திருந்தார்.

1939இல் தாத்தா குலதெய்வத்துக்குக் கெடா வெட்ட இந்தியா வந்திருக்கிறார். அந்த ஆகஸ்டில் இந்திய அரசு, தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. திரும்ப முடியாமல் ஓராண்டுக்கு மேல் இங்கேயே மாட்டிக்கொண்டார். வசிப்பு முறிந்துவிட்டது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். இந்த அநியாயம் இன்றும் என் நெஞ்சில் ஆறவில்லை. ஏன் போனீர்கள் என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதிலில்தான் துறையூர் வட்டத்துச் செல்லாண்டியம்மன் கோவிலும் ஊரின் பெயரும் இருந்தன.

1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூர் வந்தவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. தாத்தா அதற்குள் இறந்துவிட்டார்.

துறையூருக்கு அப்பாவையும் கூட்டிப் போனேன். பூசாரி எங்களை ஒரு பெரியவரிடம் அனுப்பினார். தலைக்கட்டு வரி நோட்டு அவர் பொறுப்பில் இருந்தது. பழைய நோட்டிலிருந்து பார்த்து எழுதிய பக்கம் ஒன்றில் அண்ணன், தம்பி என்று இரண்டு பெயர்கள். தம்பி பெயருக்கு எதிரே "கண்டிச்சீமைக்குப் போனவர்" என்றிருந்தது. தாது வருசப் பஞ்சத்தில் கங்காணியோடு போனவர் என்றார் பெரியவர். அப்படியென்றால் 1876–78. தம்பியின் பெயர்தான் தாத்தாவின் பெயரும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தை மலையிலும் விடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். என் ஓட்டன் அவர்தான்.

அவரோடு போன மனைவியின் பெயர் நோட்டில் இல்லை. வரி ஆண்கள் பெயரில்தான். பெரியவரின் அக்கா மட்டும், முசிறிக்காரப் பெண் என்று தன் அப்பத்தா சொல்லக் கேட்டதாகச் சொன்னார்.

"மாமன் மச்சான் வீடு முசிறியில இருக்கும் தம்பி, விசாரிச்சுப் பாருங்க" என்றார் பெரியவர். பிறகு, எங்களைப் பங்காளிகள் என்று சொல்லி, அந்த ஆண்டுக் கணக்கில் அப்பாவைப் புதுத் தலைக்கட்டாகச் சேர்த்தார். "எந்த ஊர்னு போட?" என்று கேட்டார். அப்பா யோசிக்காமல் "அப்புத்தளை" என்றார்.