அம்மம்மாவின்ர சிவப்பு எங்க போனது?

கலர் கிரேடிங் எண்டால் என்ன எண்டு போன வருசம் ஆரும் கேட்டிருந்தால், நாங்கள் மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்போம்: "படத்துக்கு சினிமா லுக் குடுக்கிறது." இன்ஸ்டகிராமில ஃபில்டர் போடுற மாதிரி, ஆனால் கொஞ்சம் பெரிசா. அந்த நினைப்போடதான் எங்கட முதல் ஆவணப்படத்தைத் தொடங்கினோம். 11 நிமிசம். எங்களில ஒருத்தியின்ர அம்மம்மா வடமராட்சியில பனையோலைப் பெட்டி இழைக்கிறா. ஓலையைச் சாயத்தில அவிச்சு, காயவைச்சு, சிவப்பும் பச்சையும் கலந்து மூடல்பெட்டி இழைப்பா. படம் அவவைப் பற்றினது.

கமெரா இரவல். 'லொக்' எண்ட வகையில எடுத்தால் பிறகு நிறத்தை விரும்பின மாதிரி மாத்தலாம் எண்டு யூடியூபில பார்த்திருந்தோம். மூன்று நாளும் எல்லாத்தையும் லொக்கிலயே எடுத்தோம். வீட்டை வந்து போட்டுப் பார்த்தால் வானம், முற்றம், அம்மம்மா, பெட்டி எல்லாம் பல தரம் தோய்ச்ச பழைய சாரம் மாதிரி வெளிறிக் கிடக்குது. "மச்சான், கமெரா பழுதோ?" எண்டு ஒருத்தன் கேட்டேவிட்டான்.

பழுதில்லை. வெயில் படுற இடத்திலயும் நிழலிலயும் இருக்கிற விபரங்களை முடிஞ்சளவு காப்பாத்துறதுக்காகத்தான் லொக்கில படம் அப்பிடித் தட்டையாப் பதியுது. அதைத் திரும்ப விரிச்சு, சாதாரணத் திரைகளுக்குரிய 'ரெக் 709' நிறவெளிக்குக் கொண்டுவாறது எடிட் செய்யிற ஆளின்ர வேலை. அந்த வேலையை நாங்கள் செய்யவேயில்லை. அப்பிடி ஒரு வேலை இருக்கு எண்டே தெரியாது.

மென்பொருள் டாவின்சி ரிசோல்வ், இலவச வெர்ஷன். ஒரு காலத்தில டாவின்சி எண்டது பெரிய ஸ்டூடியோக்கள் லட்சக்கணக்கான டொலர் குடுத்து வாங்குற கருவி. 2009இல பிளக்மஜிக் டிசைன் நிறுவனம் அதை வாங்கி, 2011இல இலவச வெர்ஷனையும் விட்டபடியாலதான் 8 ஜிபி ரம் உள்ள லப்டொப்போட நாங்களும் உள்ள போக முடிஞ்சது. லப்டொப் இழுத்த இழுவை வேற கதை. புரொக்ஸி ஃபைல் செய்து சமாளிச்சோம்.

உள்ள போன கையோட ஒரு இலவச லட்டை இறக்கிப் போட்டோம். லட் எண்டது, உள்ள வாற நிறத்துக்குப் பதிலா வெளியில எந்த நிறம் போகவேணும் எண்டு எழுதி வைச்ச ஒரு அட்டவணைதான். நாங்கள் போட்டது 'டீல் - ஓரஞ்ச்'. ஹொலிவூட் படங்களில நிழல் நீலப்பச்சையாவும் ஆக்களின்ர தோல் ஓரஞ்சாவும் தெரியுமே, அது. நிறச் சக்கரத்தில ரெண்டும் எதிரெதிர்ப் பக்கம் எண்டபடியால் ஆள் பின்னணியில இருந்து பிரிஞ்சு தெரியும். அது போதாதெண்டு சச்சுரேஷனையும் கொன்ட்ராஸ்டையும் கூட்டினோம். இரவு ரெண்டு மணிக்கு எங்களுக்கே கைதட்டினோம்.

விடிய எழும்பி ஃபோனில பார்த்தால் படம் முழுக்க நீலம். அம்மம்மா குளிரில நடுங்கிற மாதிரி இருக்கிறா. அரைநாள் மண்டையை உடைச்சுத்தான் காரணம் பிடிபட்டது. லப்டொப்பில இரவானால் கண்ணுக்கு இதமா திரையை மஞ்சளாக்கிற 'நைட் லைட்' தானா வேலை செய்யும். அந்த மஞ்சளை ஈடுகட்ட நாங்கள் இரவு முழுக்க நீலத்தைக் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறம். அதை நிப்பாட்டி, நீலத்தைக் குறைச்சு, சரி இனி முடிஞ்சுது எண்டு அம்மம்மாவுக்குக் காட்டக் கொண்டுபோனோம்.

அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் பேசாமல் பார்த்தா. முடிஞ்சாப் பிறகு, "நல்லாத்தான் இருக்கு பிள்ளையள். ஆனால் இது ஆற்ற பெட்டி?" எண்டு கேட்டா.

"உங்கட பெட்டிதான் அம்மம்மா!"

"என்ர சிவப்பு இப்பிடியே இருக்கும்?"

எழும்பிப் போய் ஒரு மூடல்பெட்டியைக் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில பிடிச்சா. கையில இருந்தது ரோசாச் சாயல் உள்ள ஒரு சிவப்பு. திரையில இருந்தது செங்கட்டி நிறம். கையில இருந்த பச்சை குருத்துப் பச்சை. திரையில அது பாசி பிடிச்ச நீலம். "சாயம் இந்த நிறத்துக்கு வாறதுக்கு எத்தினை தரம் அவிச்சுப் பார்த்தனான் தெரியுமே?" எண்டா. கோபமாச் சொல்லேல்லை. அதுதான் எங்களுக்குக் கூடச் சுட்டது. அவவின்ர வேலையைக் காட்டப்போய், அந்த வேலையையே ஒரு அட்டவணையைக் குடுத்து அழிச்சிருந்தோம்.

எல்லா கிரேடையும் அழிச்சுப்போட்டு முதலில இருந்து தொடங்கினோம். இந்தமுறை ஸ்கோப்புகளை வாசிக்கப் பழகினோம். கண் பத்து நிமிசத்தில எந்த நிறத்துக்கும் பழகிப்போகும், ஸ்கோப் பழகாது. வேவ்ஃபோமில படம் எவ்வளவு வெளிச்சம் எண்டு தெரியும். பரேட்டில சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியா நிக்கும். வெள்ளைச் சீலை இருக்கிற ஷொட்டில மூன்றும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில நிண்டால் வெள்ளை வெள்ளையா இருக்கு எண்டு அர்த்தம். லிஃப்ட் நிழலுக்கு, காமா நடுவுக்கு, கெய்ன் வெளிச்சத்துக்கு. முதல் நோடில வெளிச்சம், அடுத்ததில வைட் பலன்ஸ், அதுக்குப் பிறகுதான் 'லுக்'. நாங்கள் முதல்தரம் கூரையில இருந்து வீடு கட்டியிருக்கிறம்.

வெக்டர்ஸ்கோப்தான் எங்களை நிறைய யோசிக்க வைச்சது. அதில தோல் நிறத்துக்கு எண்டு ஒரு கோடு இருக்கு. வெள்ளையர், கறுப்பர், எங்கட ஆக்கள் ஆரெண்டாலும் தோலின்ர நிறச்சாயல் அந்த ஒரே கோட்டுக்குக் கிட்டத்தான் விழும். வித்தியாசம் முக்கியமா வெளிச்சத்திலயும் நிறத்தின்ர அடர்த்தியிலயும்தான். எங்களில ஒருத்தன் கலியாண வீடியோ எடிட் செய்யப் போறவன். அங்க "பொம்பிளையைக் கொஞ்சம் வெள்ளையாக் காட்டுங்கோ தம்பி" எண்டு கேக்காத வீடு குறைவு. அவன் செய்யிறது காமாவைத் தூக்கி நிறத்தைக் குறைக்கிறது. அதையே யோசிக்காமல் அம்மம்மாவின்ர முகத்துக்கும் செய்துவைச்சிருந்தான். வெயிலில காய்ஞ்ச அவவின்ர கன்னத்துச் சுருக்கங்களும் அதோடயே போயிருந்தன.

இது எங்கட ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. ஃபிலிம் காலத்தில கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க லாப்களுக்கு அனுப்பின 'ஷேர்லி' அட்டைகளில பல வருசமா வெள்ளைக்காரப் பெண்களின்ர படம்தான் இருந்தது. அந்தத் தோல் சரியா வந்தால் படம் சரி. கறுப்புத் தோல் விபரமில்லாமல் இருட்டா வந்ததைப் பெரிசா எடுக்காதவை, சொக்லேட் கொம்பனியளும் மரத் தளபாடக் கொம்பனியளும் தங்கட மண்ணிறங்கள் ஒழுங்கா வரேல்லை எண்டு முறைப்பட்ட பிறகுதான் அசைஞ்சவை எண்டு வாசிச்சோம். வாசிச்சுப்போட்டு அண்டைக்கு ஆரும் ஒண்டும் கதைக்கேல்லை. அடுத்தநாள் அம்மம்மாவின்ர முகத்தில தூக்கின காமாவைத் திரும்ப இறக்கினோம். சுருக்கங்கள் வந்தன. அவவும் வந்தா.

மிச்சம் சிவப்பு. பெட்டியை இரவல் வாங்கி லப்டொப்புக்குப் பக்கத்தில ஜன்னல் வெளிச்சத்தில வைச்சோம். அங்க இன்னொரு சிக்கல். காலமை 9 மணிக்குத் தெரிஞ்ச சிவப்பு பின்னேரம் 5 மணிக்கு இல்லை. வெளிச்சம் மாற மாற பெட்டியும் மாறுது. அப்ப எது 'உண்மையான' நிறம்? எங்களால முடிவெடுக்க ஏலாமல் அம்மம்மாவுக்கே ஃபோன் எடுத்தோம். அவ யோசிக்கவேயில்லை. "சாயம் போட்டுக் காலமை வெயிலில காயப்போடேக்க ஒரு நிறம் தெரியும். அது வந்தாத்தான் நான் இழைக்கத் தொடங்குவன்."

அந்த ஷொட் எங்களிட்ட இருந்தது. கொடியில ஓலை காயுற ஷொட். அதை முதலில சரியாக்கி, ஸ்டில்லா கலரியில சேமிச்சு, மற்ற எல்லா ஷொட்டையும் அதோட ஒப்பிட்டுப் பொருத்தினோம். ரெண்டு கிழமை எடுத்தது. கடைசியா மெல்லிசா ஒரு சூடு மட்டும் சேர்த்தோம். அதைக் கூடாது எண்டு ஒருத்தியும், வேணும் எண்டு ரெண்டு பேரும் இன்னும் சண்டைதான்.

படத்தை ஊர் வாசிகசாலையில போட்டோம். புரொஜெக்டர் பழசு. சுவர் வெள்ளையெண்டு நினைச்சிருந்தோம், கிறீம் நிறம். ரெண்டு கிழமை வேலை முதல் நிமிசத்திலயே வெளிறிப் போச்சு. நாங்கள் பின்னால நிண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்து முழிச்சோம். அம்மம்மா முன்வரிசையில இருந்து எழும்பி, கொண்டுவந்த நாலு பெட்டியையும் சுவருக்குக் கீழ இருந்த மேசையில அடுக்கிப்போட்டு, "நிறம் இஞ்ச இருக்கு, கதையை அங்க பாருங்கோ" எண்டு சனத்துக்குச் சொல்லிப்போட்டுப் போய் இருந்தா.

புதுசாப் பழகிறவைக்கு எங்களிட்ட பெரிய அறிவுரை ஒண்டும் இல்லை. நைட் லைட்டை நிப்பாட்டுங்கோ. லட்டைக் கடைசியாப் போடுங்கோ. ஒவ்வொரு இடத்திலயும் எடுக்கத் தொடங்க முதல் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிச்சு அஞ்சு செக்கன் எடுங்கோ, பிறகு பலன்ஸ் பண்ண உதவும். முடிஞ்சால், படத்தில இருக்கிற ஆளுக்கு நிறத்தைக் காட்டிப்போட்டு எக்ஸ்போர்ட் பண்ணுங்கோ.

பெட்டியை இன்னும் திருப்பிக் குடுக்கேல்லை. லப்டொப்புக்குப் பக்கத்திலதான் இருக்கு.