பெயர் இல்லாத இளவரசன்

சென்ற மே மாதம் ஒரு தொடர்கதை எழுதுவதற்காகக் கொடைக்கானலில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். கதை நடப்பதோ ஜீலம் நதிக்கரையில். கி.மு. 326-ல் அலெக்ஸாந்தரும் போரஸும் மோதிய யுத்தம் அது. நதியைப் பற்றி எழுத மலைக்குப் போவானேன் என்று நீங்கள் கேட்கலாம். குளிருக்காகத்தான்!

பெட்டியில் துணிமணியைவிடப் புத்தகங்களே அதிகம். ஏரியன், டயோடோரஸ், கர்ட்டியஸ், புளூடார்க் ஆகிய நால்வரும் மொழிபெயர்ப்பில். கூடவே பஞ்சாபின் பெரிய தேசப்படம் ஒன்று. நால்வரில் ஒருவர்கூடப் போரைக் கண்ணால் கண்டவரல்லர். ஏரியன் நானூறு ஆண்டுகளுக்கு மேல் பிந்தியவர். அலெக்ஸாந்தரின் படையோடு வந்த டாலமி, அரிஸ்டோபுலஸ் இருவரின் நூல்களைப் பார்த்து எழுதினார். அந்த நூல்களும் அழிந்துவிட்டன.

போரஸிடம் எத்தனை யானைகள் இருந்தன? ஏரியன் 200 என்கிறார், டயோடோரஸ் 130, கர்ட்டியஸ் 85. அலெக்ஸாந்தர் பக்கம் மாண்ட காலாட்கள் ஏரியன் கணக்கில் சுமார் 80, டயோடோரஸ் கணக்கில் 700-க்கும் மேல். இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"எண்ணினது யாரு? ஜெயிச்சவங்கதானே?" என்று கேட்டுவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

உண்மைதான். போரஸ் பக்கத்திலிருந்து ஓர் ஓலை நறுக்குக்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

எண்களை விட்டுவிட்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டேன். எதிர்க்கரையில் போரஸ் காவல் நிற்க, அலெக்ஸாந்தர் ஒரு பகுதிப் படையை முகாமிலேயே நிறுத்திவிட்டு, ஆற்றின் மேல்பக்கமாக ஏறத்தாழ 27 கிலோமீட்டர் சென்று, மரமடர்ந்த ஒரு தீவின் மறைவில் நதியைக் கடந்தான். குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால், மூட்டமில்லாத நாளில் பழனி மலை தெரியும். நேர்க்கோட்டில் அதைவிடவும் சற்று அதிகமான தூரம்! அத்தனை குதிரைகளின் குளம்படி எதிர்க்கரைக்குக் கேட்காமலா போயிற்று? அன்றிரவு இடியும் மழையும் ஓசையை மறைத்தன என்கிறார் ஏரியன். நாவலாசிரியர்கள் செய்யும் சௌகரியம் மாதிரி இருக்கிறதே என்று முதலில் நினைத்தேன். அன்று மாலை நாங்கள் தங்கியிருந்த வீட்டின் தகரக் கூரைமேல் மழை கொட்டியது. பால்காரர் பத்து நிமிஷம் கதவைத் தட்டியிருக்கிறார். எங்கள் இருவர் காதிலும் விழவில்லை. ஏரியனை நம்பிவிட்டேன்.

கடந்த இடம் எது என்பதில் இன்னும் வழக்குத் தீரவில்லை. 1931-ல் நேரில் போய்ப் பார்த்த ஆரல் ஸ்டைன் ஜலால்பூர் என்றார். ஜீலம் நகர்ப் பக்கம் என்பாரும் உண்டு. நதியோ தன் பாதையை மாற்றிக்கொண்டுவிட்டது.

கரையேறியவர்களைத் தடுக்கப் போரஸ் தன் மகனை அனுப்பினான். ரதங்கள் சேற்றில் புதைந்தன, பையன் மாண்டான். அவன் கொண்டுவந்தவை 60 ரதங்கள் என்கிறார் அரிஸ்டோபுலஸ். 120 என்கிறார் டாலமி. ரதங்களை எண்ணிய இருவர் வாக்கிலிருந்தும் அவன் பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

தொடர்கதையின் முதல் அத்தியாயம் அவனைப் பற்றியதுதான். வாயில் நுழைகிற பெயராக ஒன்று வையுங்கள் என்று பத்திரிகாசிரியர் இரண்டு கடிதம் போட்டுவிட்டார். பிரதியில் 'இளவரசன்' என்றே இருக்கிறது.